ஆள் எடுப்பும் சாதியும்: மனிதவள மேலாண்மைப் பாடத்தை நாம் எப்படிப் படிப்பது?

 

இந்த நினைவுச் சொற்பொழிவில் எனக்கு முன் பேசியவர்கள் கவிஞர்கள், கதைக்காரர்கள், வரலாற்று ஆய்வாளர்கள். நான் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுப்பவள். இலக்கியப் பேரவைக்கு மனிதவள மேலாண்மை எதற்கு என்று அழைப்பு வந்தபோது நானே தயங்கினேன். பிறகு ஐயா நினைவுக்கு வந்தார். அவருடைய கதைகளைப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர். மாலை நேரங்களில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து துப்புரவுத் தொழிலாளர்களுக்கு அவர் எழுதிக்கொடுத்த மனுக்களைப் படித்தவர்கள் குறைவு. நிலுவைச் சம்பளம், பிடித்தம் செய்து கட்டாமல் விட்ட பி.எஃப்., மறுக்கப்பட்ட பதவி உயர்வு என்று அந்த மனுக்களில் இருந்தவை எல்லாம் நான் வகுப்பில் நடத்தும் பாடத்தின் தலைப்புகள். அதனால் அந்தப் பாடத்தைப் பற்றியே பேசுகிறேன்.

பி.காம்., பி.பி.ஏ. படிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் ஒரே ஒரு பருவத்தில் வந்துபோகும் தாள். ஒரு வேலை என்னவென்று வரையறுப்பது, அதற்கு ஆள் தேடுவது, தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, மதிப்பிடுவது, சம்பளம் நிர்ணயிப்பது, குறை கேட்பது, கடைசியில் வேலையை விட்டு அனுப்புவது. இவ்வளவுதான் பாடம். நம் பிள்ளைகள் இதை மனப்பாடத் தாள் என்று நினைக்கிறார்கள். பணியாளர் நிர்வாகத்துக்கும் மனிதவள மேலாண்மைக்கும் உள்ள பத்து வேறுபாடுகளை உருப்போட்டு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு கண்ணாடி அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இதே பாடத்தை அவர்கள்மேல் நடத்தும்போதுதான் அது என்னவென்று தெரிகிறது.

பாடநூலின் முதல் அத்தியாயம் வரலாறு. அதில் தவறாமல் வருபவர் ஃபிரடெரிக் டெய்லர். 1911இல் அறிவியல் மேலாண்மை பற்றிப் புத்தகம் எழுதியவர். அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளம் தூக்கும் தொழிலாளி ஒருவர், நாளுக்குப் பன்னிரண்டரை டன் தூக்கிக்கொண்டிருந்தவர், டெய்லரின் முறைப்படி 47 டன் தூக்கினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. இதைப் பலகையில் எழுதிப்போட்டு, வேலை எத்தனை மடங்கு ஏறியது, கூலி எவ்வளவு ஏறியது என்று கணக்குப் போடச் சொல்வேன். வேலை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி அறுபது விழுக்காடு சொச்சம். டெய்லர் அதோடு நிற்கவில்லை. இந்த வேலைக்கு ஏற்றவன் மாட்டைப் போன்ற மந்த புத்திக்காரனாக இருக்க வேண்டும் என்ற பொருளிலும் எழுதினார். யோசிப்பது ஒருவன், சுமப்பது இன்னொருவன் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்பவர்களையே மேல்கீழாகப் பிரித்துவைப்பது என்று. டெய்லரையும் அம்பேத்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தும் பாடத்திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை. நானாகத்தான் வைத்துக்கொண்டேன்.

இந்த வரலாற்றில் விடுபட்டது இன்னொன்று உண்டு. ஆளைக் கணக்கில் எழுதி வேலை வாங்கும் கலை தொழிற்சாலையில் மட்டும் பிறந்ததல்ல. கெய்ட்லின் ரோசென்தால் என்ற வரலாற்றாசிரியர் 2018இல் வெளியிட்ட ஒரு நூல், கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அடிமைத் தோட்ட முதலாளிகள் எப்படிக் கணக்கு எழுதினார்கள் என்பதை ஆராய்கிறது. ஒவ்வொருவரும் நாளுக்கு எத்தனை பவுண்டு பருத்தி எடுத்தார்கள் என்று அச்சடித்த ஏட்டில் எழுதினார்கள். இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவதுபோல மனிதருக்கு வயதேற விலை குறைத்துக் கணக்கிட்டார்கள். மனித வளம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் கொஞ்சம் கூசும். மணல் வளம், நீர் வளம், மனித வளம்.

நம் பக்கத்துக் கதை கங்காணி. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து ஆள் கொண்டுபோனவன் அவன். ஆள் எடுப்பவனும் அவனே, முன்பணம் கொடுப்பவனும் அவனே, வேலை வாங்குபவனும் அவனே. தன் கும்பலில் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனைக்குக் காசு. இலங்கையில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு முறை இருந்தது. இந்தக் கடனை அடைத்தால் ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். ஆளோடு கடனும் நகரும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஆட்சேர்ப்பு, பணியமர்த்தல், பணிமாற்றம் என்று இன்று அழகாகத் தலைப்பிட்டு எழுதுகிறோமே, நம் பாட்டன் பாட்டிக்கு அந்த மூன்றும் ஒரே துண்டுச் சீட்டில் இருந்தன.

ஆலைகளில் கங்காணியின் இடத்தில் மேஸ்திரி இருந்தார். பம்பாயில் அவருக்கு ஜாபர் என்று பெயர். வாசலில் நிற்பவர்களில் யார் உள்ளே போவது என்பது அவர் வாய்ச்சொல். அதற்குக் கையூட்டு, அதற்குச் சொந்தக்காரன், அதற்குச் சாதி. 1929இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் 1931இல் அறிக்கை கொடுத்தபோது, ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து பிடுங்கித் தொழிலாளர் அலுவலர் என்று ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. பிறகு 1948 தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. இன்று எச்.ஆர். என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருபவரின் இந்திய மூதாதை இவர்தான். நான் இந்த உரையில் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. மேஸ்திரியின் வாயிலிருந்ததைக் காகிதத்துக்கு மாற்றுவதற்காக வந்த துறை இது. காகிதத்துக்கு மாறிய இடத்தில் நாம் கேள்வி கேட்க முடிந்தது. மாறாமல் வாயிலேயே தங்கிவிட்ட இடத்தில் சாதி உட்கார்ந்துகொண்டது.

அதைப் புரிந்துகொள்ள இரண்டாம் அலகுக்கு வருவோம். பணிப் பகுப்பாய்வு, அதாவது ஜாப் அனாலிசிஸ். ஒரு வேலையைக் கூர்ந்து பார்த்து இரண்டு தாள் தயாரிக்க வேண்டும். முதல் தாள் பணி விவரம்: என்ன செய்ய வேண்டும், எந்தக் கருவியால், யாருக்குக் கீழே, என்ன ஆபத்து. இரண்டாவது பணித் தகுதி விவரம்: அந்த வேலையைச் செய்ய என்ன படிப்பு, என்ன திறன், என்ன உடல்வலு வேண்டும். விதி ஒன்றுதான். இரண்டாவது தாளில் உள்ள ஒவ்வொரு தகுதியும் முதல் தாளில் உள்ள ஏதாவது ஒரு வேலைக்குத் தேவைப்பட வேண்டும். தேவைப்படாத தகுதிக்கு அந்தத் தாளில் இடமில்லை.

அம்பேத்கர் இந்தப் பாடத்தை வேறு பெயரில் நடத்தியிருக்கிறார். 1938 பிப்ரவரியில் மன்மாடில், ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் பேசினார். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளியின் இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதே உரையில் அவர் கவனித்த ஒரு சின்ன விஷயத்தை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தீண்டப்படாதவர் ரயில்வேயில் தண்டவாளத்தில் கேங்மேனாகவே வேலைக்குச் சேர்ந்து, மேலே போக வழியில்லாமல் கேங்மேனாகவே வயதாகிறார். போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை. ஏன்? போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையையும் செய்ய வேண்டும். தீண்டப்படாதவரை வீட்டுக்குள் எப்படி விடுவது?

இப்போது இரண்டு தாளையும் எடுத்து வையுங்கள். போர்ட்டரின் வேலை ஸ்டேஷனில். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அடுக்களை அதில் எங்கே வந்தது? எழுதப்படாத வேலை ஒன்று இருந்தது. அந்த எழுதப்படாத வேலைக்கு எழுதப்படாத தகுதி ஒன்று இருந்தது. பம்பாய் ஆலைகளிலும் இதே கதை. நெசவின்போது நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டியிருந்தது, எச்சில் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் சொன்னார்கள். அதனால் நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவு நம்மவர்களுக்கு அடைபட்டது. இதில் முதலாளியைவிடச் சகத் தொழிலாளிதான் கதவை இறுக்கிப் பிடித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொழிலுறவு என்ற கடைசி அலகில் நிர்வாகம் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம் என்று படம் போட்டிருப்பார்கள். 1921இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குச் சென்றார்கள், புளியந்தோப்பு எரிந்தது. கையிருப்பு இல்லாத குடும்பம் எத்தனை மாதம் பட்டினி கிடக்கும் என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் இடம் கிடையாது.

ஒருமுறை வகுப்பில் ஆளுக்கொரு வேலையை எடுத்துப் பகுப்பாய்வு செய்துவரச் சொன்னேன். வங்கி எழுத்தர், துணிக்கடை விற்பனையாளர் என்று எழுதிவந்தார்கள். ஒரு பையன் மட்டும் தன் பாட்டி செய்த வேலையை எடுத்திருந்தான். கருவி என்ற இடத்தில் தகரம், வாளி, துடைப்பம். ஆபத்து என்ற இடத்தில் ஒரு முழுப் பக்கம். தகுதி என்ற இடம் காலியாக இருந்தது. “மேடம், இதுல புத்தகத்துல கேக்கிறத எழுதணுமா, நடக்கிறத எழுதணுமா?” என்றான். ரெண்டையும் எழுதுப்பா என்றேன். நடுவில் கோடு போட்டான். இடப்பக்கம் ‘தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று எழுதினான். வலப்பக்கம் தன் தெருப் பெயரை எழுதினான். பத்துக்குப் பத்து போட்டேன். என் இருபது வருட வேலையில் பணித் தகுதி விவரம் என்பதை இவ்வளவு சரியாக எழுதிய விடைத்தாளை நான் திருத்தியதில்லை.

மூன்றாம் அலகு தேர்வு. பத்திரிகை விளம்பரம், வேலைவாய்ப்பு அலுவலகம், வளாக நேர்காணல் என்று ஆள் தேடும் வழிகளை அடுக்குவார்கள். அதில் ‘ஏற்கனவே வேலை செய்பவர்களின் பரிந்துரை’ என்று ஒரு வரி வரும். செலவு குறைவு, நம்பகமானது என்று அதன் நன்மைகளைப் பாடநூல் புகழும். ஒரு அலுவலகத்தில் நம்மவர் ஒருவர்கூட இல்லையென்றால் யார் யாரைப் பரிந்துரைப்பார்கள் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தனியார் நிறுவனங்கள் செய்தித்தாளில் கொடுத்த 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரி அனுபவம், பெயர் மட்டும் வேறு. ஒன்று உயர்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் என்று தெரியும் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆள் முகத்தையே யாரும் பார்க்கவில்லை. 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் இது வெளிவந்தது.

அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் தில்லி வட்டாரத்தில் 25 மனிதவள அதிகாரிகளிடம் பேசி எழுதிய கட்டுரையும் இருக்கிறது. தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்கிறார்கள். தகுதியை எப்படிப் பார்க்கிறீர்கள் என்றால் குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. செயல்வீரர்கள் இந்த இரண்டு கட்டுரைகளையும் தமிழில் கொண்டுவந்து சிறு வெளியீடாகப் போட்டால் பெரிய உதவி.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, தலைப்பெழுத்துதான். அதனால் இங்கே கேள்வி வேறு வழியில் வரும். சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார். என் மாணவி ஒருத்தி, கணக்குப் பதிவியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண், ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனாள். முதல் கேள்வி கணக்கு, சரியாகச் சொன்னாள். அடுத்து இந்த மூன்று கேள்விகள். அப்பா பறை அடிப்பார், சாவு வீட்டு வேலைகளும் பார்ப்பார் என்று மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு கேள்வியே இல்லை, சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். சாதிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேறு காரணம் இருந்திருக்கலாம். அந்த அறையில் எதுவும் எழுதப்படவில்லை என்பதுதான் என் புகார்.

இதற்கு மருந்தும் அதே பாடநூலில், பெரும்பாலும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கிடக்கிறது. கட்டமைக்கப்பட்ட நேர்காணல். வந்த எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. கேள்விகள் பணி விவரத்திலிருந்து மட்டும் வர வேண்டும். எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். குழுவில் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட வேண்டும். மனம்போனபடி பேசிப் பார்த்து ஆள் எடுப்பதைவிட இந்த முறையில் நல்ல பணியாளர் கிடைக்கிறார் என்பதை ஆய்வுகள் நெடுங்காலமாகக் காட்டிவருகின்றன. ஆக இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அப்படியும் நிறுவனங்கள் ஏன் செய்வதில்லை? ஆளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை மேலதிகாரிகள் விடுவதில்லை. மேஸ்திரியும் அதைத்தான் சொன்னார்.

செயல்திறன் மதிப்பீட்டில் ஒளிவட்டப் பிழை என்று ஒன்று வரும். 1920இல் எட்வர்ட் தார்ன்டைக், ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். தோற்றத்தில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவருக்கு அறிவிலும் ஒழுக்கத்திலும்கூட உயர்ந்த மதிப்பெண் விழுந்திருந்தது. நமக்கு விழுவது ஒளிவட்டத்துக்கு மறுபக்கம். ‘கோட்டாவில் வந்தவர்’ என்ற ஒற்றை எண்ணம் வேகம், நேர்த்தி, தலைமைப் பண்பு என்று எல்லாக் கட்டத்திலும் நிழல் போடும். அரசுப் பணியில் இருக்கும் தோழர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ரகசியக் குறிப்பேட்டில் பாதகமான குறிப்பை மட்டும் சொன்னால் போதும் என்றிருந்த நிலையை மாற்றி, ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘நன்று’ என்று எழுதி ஒருவருடைய பதவி உயர்வைக் கெடுக்க முடியும், அதற்கு ‘மிக நன்று’ தேவைப்படும்போது. அந்த வழக்கே அப்படி எழுந்ததுதான்.

பயிற்சி, மேம்பாடு, ஊக்குவிப்புக் கோட்பாடுகள் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. முக்கோணங்களும் ஏணிகளும் வரைந்து படித்துக்கொள்ளலாம். தேர்வுக்கு வரும்.

ஆனால் ஊதியம், பாதுகாப்பு என்ற அலகில் நிற்க வேண்டும். பணிப் பாதுகாப்பைப் பற்றிப் பாடநூல் பேசும்போது தலைக்கவசமும் தீயணைப்பானும் வரும், மலக்குழி வராது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், போதாமல் 2013இல் இன்னொன்று. மலக்குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு இப்படி ஏறுகிறதென்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். ஒவ்வொரு முறையும் முதலில் காதில் விழுவது, அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள் என்பது. துண்டுச் சீட்டு போய்விட்டது, கங்காணி வேறு சட்டையில் இருக்கிறார்.

இங்கேதான் மாணவர்களும் செயல்வீரர்களும் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ‘முதன்மை வேலையளிப்பவர்’ என்ற கருத்து இருந்தது. யாருடைய இடத்தில், யாருக்காக வேலை நடக்கிறதோ அவர். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் அவர் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் ஏற்பாடாக இருந்தது. இதை நிலைநாட்டக் காகிதம் வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர், கூலிச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை. இவற்றில் ஒன்றாவது இருந்தால் வழக்குக்கு ஒரு பிடி கிடைக்கும். ஒன்றும் இல்லையென்றால், அந்த ஆள் அங்கே வேலை செய்தார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டிவரும்.

எச்.ஆர். என்பதே முதலாளியின் கைக்கருவி, அதைப் படித்து நாம் என்ன செய்வது என்று ஒரு தோழர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார். அவர் சொன்னதை மறுக்கவில்லை. சம்பளம் தருபவருக்குத்தான் அந்தத் துறை விசுவாசமாக இருக்கும். ஆனால் தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை, நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அங்கேதான் வேலை தேடிப் போகிறார்கள். அண்ணல் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆலைத் தொழிலாளியின் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆக்கிய திருத்தச் சட்டம் அவர் காலத்தில் கொண்டுவரப்பட்டது. அந்த நாற்காலியும் ஆங்கிலேயர் போட்டதுதான்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்களில் சிலர் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்காரப்போகிறீர்கள். அப்போது நேர்காணல் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம் இருந்தால், இது பணி விவரத்தில் எந்த வேலைக்குத் தேவை என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்பது முக்கியம்.

தோழர்களுக்கும் ஒன்று. அடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் ஞாயிறு மாலை இந்த மண்டபத்திலேயே என் மாணவர்கள் நாலைந்து பேர் உட்காருவார்கள். உங்கள் பகுதியில் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களை, கையில் என்ன சீட்டு இருக்கிறதோ அதோடு அழைத்துவாருங்கள். சீட்டே இல்லையென்றாலும் வரச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எங்கே என்ன வேலை செய்தார்கள், கூட யார் இருந்தார்கள், கூலியை யார் கையால் கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதி, நாள் போட்டுக் கையெழுத்து வாங்கிவைக்கலாம். நோட்டு வாங்கியாகிவிட்டது.